கம்பைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் சிலம்பப் போட்டி பார்க்க வருகிற பெற்றோர்களே, ஊர்க்காரர்களே,



இருட்டு பிரியும் முன் எழுந்து, பிள்ளையின் சீருடைக்கு இஸ்திரி போட்டு, டப்பாவில் இட்லி எடுத்துக்கொண்டு, நீளமான கம்பை ஸ்கூட்டரில் எப்படியோ சாய்த்துப் பிடித்தபடி வந்து சேருகிறீர்கள். அந்த அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. பத்து மணி வெயிலிலும் நிழல் தேடாமல் நிற்கிறீர்கள். தனித்திறமைப் போட்டி நடக்கும்வரை மைதானம் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் அது முடிந்து, தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கிற தொடுமுறைக்கு முதல் ஜோடியைக் கூப்பிட்டதும் உங்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறீர்கள். மீதிப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்தான்; ஆனால் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. சான்றிதழ் எப்போது கொடுப்பார்கள் என்று மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வட்டத்துக்குள் நிற்கிற இரண்டு பிள்ளைகளின் வீட்டார் மட்டும் கயிற்றருகே வந்து நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அவர்களும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஆசான் இல்லை. தாமலில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். சின்ன வயதில் ஏரிக்கரைப் பக்கம் பையன்களோடு கம்பு பழகினேன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை. இப்போது போட்டி நடக்கும் இடங்களில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் குறிக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் வட்டமும் தெரியும், உங்கள் முகமும் தெரியும். வட்டத்தில் நடப்பதும் உங்கள் முகத்தில் தெரிவதும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை என்பதுதான் என் குறை.

உங்களுக்கு எது பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும். கம்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று விர்ரென்று கேட்க வேண்டும். இரண்டு கையிலும் கம்பு இருந்தால் இன்னும் நல்லது. சுருள்வாள் என்றால் கூட்டமே பின்வாங்கி வட்டம் பெரிதாகும். நுனியில் துணி சுற்றித் தீ வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நூறு செல்போன் மேலே போகும். அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? அலங்காரச் சிலம்பத்துக்கும் ஓர் அழகு உண்டு. திரௌபதை அம்மன் திருவிழாவிலும் சாமி ஊர்வலத்திலும் அதைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுழற்றியதைப் பார்த்து விசிலடித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று மைதானத்தில் நிற்கிறார்கள். ஆனால் சினிமா நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. அங்கே கம்பு சுற்றுகிறவனைத்தான் கேமரா பார்க்கும். அடி வாங்குகிறவன் தானாக வந்து வாங்கிக்கொண்டு போவான். எதிரில் நிற்பவனுக்கும் மூளை உண்டு, அவனும் நம்மைப் போலவே யோசிக்கிறான் என்பது சினிமாச் சண்டையில் வராது. தொடுமுறையின் மொத்த சாரமும் அப்படி யோசிக்கிற எதிராளியிடம்தான் இருக்கிறது.

இதைவிடக் கவலையான ஒன்று சாதனை நிகழ்ச்சிகள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இத்தனை மணி நேரம் நிற்காமல் கம்பு சுற்றினால் உலக சாதனை என்று யாரோ ஒரு தனியார் சாதனைப் புத்தகத்தின் சான்றிதழ். கண்ணைக் கட்டிக்கொண்டு, பானை மேல் ஏறி நின்று, ஆணிப் பலகையில் நின்று, ஸ்கேட்டிங் சக்கரத்தில் ஓடிக்கொண்டு என்று விதவிதமாக நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை மணிக்கட்டு வீங்க, உதடு காய, சுற்றிக்கொண்டே நிற்கிறது. எதிரில் யாருமில்லாமல் மணிக்கணக்கில் சுற்றுவதில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? சுற்று என்பது மணிக்கட்டைப் பழக்க, தோளை இளக்க, கம்பு கையிலேயே வளர்ந்த மாதிரி ஆக்க ஏற்பட்ட பயிற்சி. பயிற்சியையே பந்தயமாக்கி அதற்குக் கட்டணமும் கட்டிவிட்டு, உண்மையான பந்தயம் தொடங்கும்போது டீக்கடைக்குப் போகிறோம்.

பட்டு நெய்கிற ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஒருவர் புடவை கொண்டுவந்து காட்டினால் எதைப் பார்ப்பீர்கள்? ஜரிகை மினுமினுப்பைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். நீங்கள் புடவையைத் திருப்பி, கரையும் உடலும் சேருகிற கோர்வையை விரலால் தடவிப் பார்ப்பீர்கள். தறியில் இரண்டு ஆள் ஒத்துப் போட்ட கோர்வையா, ஒப்புக்குச் சேர்த்ததா என்று அந்த ஓரம் சொல்லிவிடும். அதன் பிறகுதான் உடல், முந்தானை, புட்டா எல்லாம். கூலி எதற்குக் கூடுதல் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டு மைதானத்துக்கு ஏன் வருகிறீர்கள்? தொடுமுறையிலும் கோர்வை இருக்கிறது. ஒருவருடைய ஆட்டமும் இன்னொருவருடைய ஆட்டமும் சந்திக்கிற ஓரம் அது.

உதாரணத்துக்கு ஒரு தொடுமுறை ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பெண்கள், பதினான்கு வயதிருக்கும். ஒருத்தி பிள்ளையார்பாளையம், இன்னொருத்தி வாலாஜாபாத் பக்கம். பிள்ளையார்பாளையத்துப் பெண் உயரம். கம்பை அகல வீசி வந்தாள். வீச்சுக்கு வீச்சு உங்களிடமிருந்து ஓவென்று சத்தம். குள்ளமான பெண் இடது காலை முன்வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, கம்பின் நுனியை எதிராளியின் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றாள். முதல் வீச்சைத் தடுத்தாள். தடுத்தாள் என்றால் மோதவில்லை. தன் கம்பைச் சரிவாக வைத்து அடியை வழுக்கிப் போகவிட்டாள். இரண்டாவதையும் அப்படியே. ஆனால் இரண்டாவதில் ஒரு மாற்றம் இருந்தது: பின்காலை அரையடி இடப்புறம் நகர்த்தி வைத்தாள். அதைக் கவனித்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

மூன்றாவது வீச்சு வந்தது. இம்முறை அவள் தடுக்கவில்லை, பின்வாங்கவும் இல்லை. ஏற்கெனவே நகர்த்தி வைத்திருந்த காலின்மேல் உடம்பைச் சாய்த்தாள், அவ்வளவுதான். உயரமான பெண்ணின் கம்பு அவள் தோளுக்கு ஒரு சாண் முன்னால் காற்றை வெட்டிப் போனது. போன கம்பு திரும்பி வருமுன் இவள் தலைக்குப் போக்குக் காட்டினாள். எதிராளி இரண்டு கையையும் தூக்கித் தலையைக் காத்தாள். திறந்த விலாவில் நுனி இறங்கித் தொட்டது. தொட்டதும் ஓரடி பின்வைத்து, கம்பு மறுபடியும் நெஞ்சுக்கு நேரே. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எல்லாம் மூன்று நொடி இருக்கலாம்.

நடுவர் புள்ளி கொடுத்தார். மைதானத்தில் முணுமுணுப்பு. "அந்த உயரமான பொண்ணுதானே சார் நல்லா சுத்துச்சு?" என்று என் மேசைக்கு ஒருவர் வந்து கேட்டார். கைதட்டியது ஒரே ஒருவர். அவர் யாரென்று நினைக்கிறீர்கள்? உயரமான பெண்ணின் வாத்தியார்! தன் பிள்ளை அடி வாங்கியதற்கு அவர் கைதட்டினார். அந்த மூன்று நொடிக்குள் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறதென்று அங்கே அவருக்குத்தான் தெரிந்தது.

காலைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கம்பு பொய் சொல்லும். பொய் சொல்வதுதான் அதன் வேலை. தலைக்கென்று கிளம்பி விலாவுக்கு வரும், வலமென்று காட்டி இடம் போகும். கால் அவ்வளவு எளிதாகப் பொய் சொல்லாது. ஆசான்கள் முதலில் கம்பைக் கையில் கொடுக்காமல் வெறும் காலடியையே மாதக்கணக்கில் போட வைப்பது பிள்ளையைக் காயப்போட அல்ல. அடி எங்கே விழும் என்பதைக் கால்மானம், அதாவது கால் வைக்கும் முறை, முன்பே தீர்மானித்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள்: யார் அதைக் குறைக்கிறார்கள், யார் கூட்டுகிறார்கள், யார் எதிராளியை மெல்ல வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று. அதைப் பிடித்துவிட்டால் அடி விழுமுன்பே உங்கள் உடம்பு ஒரு கணம் விறைக்கும். பிறகு டீக்கடை ஞாபகம் வராது.

இடைவெளியை இப்படிப் பார்க்க வைக்கிற இன்னோர் ஆட்டம் ஜப்பானியர்களின் வாள்வீச்சுக் கலையான கெண்டோ; அதை யூடியூபில் பார்த்திருப்பீர்களோ என்னவோ. பார்க்காவிட்டால் இன்று இரவு பாருங்கள். நான்கு மூங்கில் பட்டைகளைத் தோலால் கட்டிய கழி அவர்களுடைய ஆயுதம். தலை, முன்கை, உடல், தொண்டைக் காப்பு ஆகிய நான்கு இடங்கள்தான் இலக்கு. வழக்கமான ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம், முதலில் இரண்டு புள்ளி எடுத்தவர் வெற்றி. முதல்முறை பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். இரண்டு பேர் நுனியோடு நுனி உரச நின்றுகொண்டே இருப்பார்கள். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடம் போகும். திடீரென்று ஓர் அலறல், ஒரு பாய்ச்சல். முடிந்துவிட்டிருக்கும். என்ன நடந்ததென்று திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் அவர்கள் எதற்குப் புள்ளி கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், ஆட்டமே வேறாகிவிடும். கழி பட்டால் மட்டும் போதாது. கழியின் மேற்பகுதி சரியான இடத்தில், வாளாக இருந்தால் வெட்டும் கூர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக விழ வேண்டும். அடி, காலின் மிதி, குரல் மூன்றும் ஒரே கணத்தில் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்த பிறகும் அடித்தவர் விழிப்பு கலையாமல், எதிராளி திருப்பி அடித்தால் எதிர்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மூன்று நடுவர்கள் சிவப்பு, வெள்ளைக் கொடிகளோடு மூன்று பக்கமும் நிற்பார்கள். இருவர் ஒப்பினால்தான் புள்ளி. அடித்துவிட்டோம் என்ற களிப்பில் ஒருவர் முஷ்டியை உயர்த்திக் குதித்தால் நடுவர்கள் கூடிப் பேசி, கொடுத்த புள்ளியையே பிடுங்கிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு புள்ளி எடுத்ததும் கம்பை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அப்படி ஓடச் சொல்லிக் கயிற்றோரம் நின்று கத்துவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2003-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உலக கெண்டோ போட்டி. ஆண்கள் குழு இறுதியில் ஜப்பானும் தென் கொரியாவும். ஐந்து பேர் கொண்ட குழுக்கள் ஆடி முடித்தும் முடிவு கிட்டாமல், அணிக்கு ஒருவர் என்று தீர்மான ஆட்டம் வைத்தார்கள். ஜப்பானுக்காக எய்கா நவோகி, ஹொக்கைதோ தீவின் போலீஸ்காரர், இறங்கினார். அந்த ஆட்டத்தை முடித்தது தொண்டைக் காப்பை நோக்கிய ஒற்றைக் குத்து. நான்கு இலக்குகளில் மிகக் கஷ்டமானது அதுதான். தவறினால் தன் தலை முழுக்கத் திறந்து கிடக்கும். அந்தக் குத்துக்கு முன்னால் அவர் எதையும் செய்யாமல் நின்ற நேரத்தைப் பாருங்கள். நான் குத்தைவிட அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

கெண்டோ ஆட்டங்களில் பார்வையாளர்கள் கத்துவதில்லை. கைதட்டல் மட்டும்தான், அதுவும் ஆட்டத்தின் போக்குக்கு மரியாதையாக. பெயர் சொல்லிக் கூவுவதும், அடி அடி என்பதும், நடுவரைப் பார்த்துக் கையை ஆட்டுவதும் மரியாதைக் குறைவு. ஜப்பானியர்கள் பிறவியிலேயே அடக்கமானவர்கள் என்று நான் நம்பவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945-ல் நேச நாட்டு நிர்வாகம் கெண்டோவைப் போர்வெறி வளர்க்கும் கலை என்று தடை செய்தது. 1952-ல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்து, 1953-ல் முதல் தேசியப் போட்டி நடந்தபோது, இந்தக் கலையை எப்படி நடத்துவது, எப்படிப் பார்ப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. ஒழுங்கு எங்கேயும் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ சிலர் கேட்டுக்கொண்டு, மற்றவர்கள் சம்மதித்துத்தான் வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதமும்.

கெண்டோ உயர்ந்தது, சிலம்பம் தாழ்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்கத் தெரிந்தால் நம்முடையதில் ருசி இன்னும் அதிகம். அவர்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் முன்னும் பின்னும் போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வட்டம் முழுவதும் வழி. அவர்களுடைய கழிக்கு அடிக்கும் முனை ஒன்று. நம் கம்புக்கு இரண்டு முனை, இரண்டும் பேசும். ஆள் நெற்றி உயரக் கம்பு என்பதால் தூரத்தின் கணக்கு ஒவ்வொரு பிடி மாற்றத்துக்கும் மாறும். கை ஒரு சாண் மேலேறினால் வீச்சு சுருங்கும், வேகம் கூடும். இறங்கினால் நீளும். எதிராளி அதைக் கவனித்துத் தன் இடத்தை மாற்ற வேண்டும். இத்தனையும் நடக்கிற ஆட்டத்தை நம் வாசலில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சும்மா நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

நிற்பதாகத் தோன்றும் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். வீட்டுக்குப் போகிற வழியில் நாம் கேட்கிற கேள்வி "ஜெயிச்சியா?" என்பதுதான். தோற்றால் "ஏண்டா நின்னுகிட்டே இருந்த, அடிக்க வேண்டியதுதானே?" என்கிறோம். நின்றதுதான் அவன் செய்த ஒரே நல்ல காரியமாக இருந்திருக்கலாம். நம் அவசரத்துக்கு அடித்துத்தான் அவன் புள்ளியை விட்டிருப்பான். கயிற்றோரத்தில் "அடி! அடி!" என்று நீங்கள் கத்தும்போது வட்டத்துக்குள் என்ன ஆகிறதென்று என் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும். பிள்ளையின் கண் ஒரு கணம் எதிராளியை விட்டு உங்கள் பக்கம் திரும்புகிறது. அந்தக் கணத்துக்காகத்தான் எதிராளி காத்திருக்கிறான். கத்துகிறவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று சொன்னேனே, பார்த்திருந்தால் கத்தியிருக்க மாட்டார்கள்.

பார்க்கத் தெரியாத கூட்டம் ஆடுகிறவருக்கு என்ன செய்யும் என்பதற்குச் சென்னைப் பெண் பவானி தேவியைவிட உதாரணம் வேண்டாம். பள்ளியில் வாள்வீச்சு தொடங்கியபோது வாள் விலை கட்டுப்படியாகாததால் மூங்கில் குச்சியில் பழகி, போட்டிக்கு மட்டும் வாளை எடுத்தவர். ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். 2021 ஜூலையில் டோக்கியோவில் முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அஸீஸியை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனேவிடம் 7-15 என்று தோற்றார். அன்றே ட்விட்டரில் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு? உலகத் தரவரிசையில் முன்னால் நின்ற ஒருவரிடமிருந்து ஏழு புள்ளி எடுத்த ஆட்டம் அது. பவானி ஆடும் சேபர் வகை வாள்வீச்சில் தொடுதலைக் காட்டும் இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தால் புள்ளி யாருக்கென்று தாக்கும் உரிமையை வைத்து நடுவர் சொல்வார் என்பதுகூடத் தெரியாமல்தான் நம்மில் பெரும்பாலோர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பதக்கம் வந்ததா வராததா என்பது மட்டும் புரிந்தது. ஆடியவருக்கும் அது தெரியும், அதனால்தான் மன்னிப்பு என்று நினைக்கிறேன். 2023-ல் சீனாவின் வூஷியில் நடந்த ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப்பில் அதே பவானி, உலக சாம்பியனாக இருந்த ஜப்பானின் எமுரா மிசாகியைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அந்த ஆட்டத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்?

பழியை முழுக்க உங்கள் தலையில் போட்டால் அது நியாயமில்லை. எங்கள் பக்கத்துத் தவறும் நிறைய. விதி சங்கத்துக்குச் சங்கம் மாறுகிறது. போன மாதம் புள்ளியான தொடுதல் இந்த மாதம் புள்ளியில்லை. நடுவர் விசிலடித்துக் கையைக் காட்டுவார், ஏன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒலிபெருக்கி இருக்கும், அது பிரமுகர்களின் பெயரைச் சொல்வதற்கு. சுற்று பாதியில் நிற்கும், கார் வந்திருக்கிறது, பொன்னாடை போர்த்த வேண்டும். வியர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்துபோன பிள்ளைகளை மறுபடி வட்டத்துக்குள் விடுவோம். பொன்னாடை வாங்கியவர் சிலம்பம் ஐயாயிரம் ஆண்டுக் கலை என்று பேசிவிட்டுக் கிளம்புவார். அடுத்த ஜோடியின் ஐந்து நிமிடத்தை உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரமிருக்காது. முன்காலத்தில் கம்பு நுனியில் சாம்பலோ சுண்ணாம்போ தடவி ஆடுவார்கள். சட்டையில்லாத உடம்பில் எத்தனை தடம் என்று ஆட்டம் முடிந்ததும் ஊரே எண்ணிப் பார்க்கும். ஊருக்கே தெரிந்த கணக்கை நாங்கள் மேசைக்குப் பின்னால் பூட்டி வைத்துவிட்டோம். ஒவ்வொரு புள்ளிக்கும் எங்கே தொட்டது, ஏன் கொடுத்தோம், ஏன் மறுத்தோம் என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்ல வேண்டும் என்று போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் கேளுங்கள். நடுவரை நோக்கிக் கத்துவதைவிட அதில் பலன் அதிகம்.

இப்போது இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சிலம்பத்துக்கு நல்ல காலம் வந்திருக்கிறது. மத்திய அரசு கேலோ இந்தியா திட்டத்தில் சேர்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக சிலம்பம் வந்தது. முதலமைச்சர் கோப்பையில் இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் இத்தனை பேர் கம்பு எடுத்து நம் காலத்தில் பார்த்ததில்லை. எல்லாம் மகிழ்ச்சிதான். தறியில் வருமானம் எப்படி இருக்கிறதென்று தெரிந்த எவரும், பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று ஆசைப்படுகிற தகப்பனைக் கேலி செய்ய மாட்டார். ஆனால் சான்றிதழுக்கு மட்டும் கூட்டம் கூடினால், சான்றிதழ் கொடுக்க எது சுலபமோ அதுதான் போட்டியாக நிலைக்கும். சுற்றுவதற்கு மதிப்பெண் போடுவது சுலபம். சண்டை நடத்த நடுவர் வேண்டும், காப்பு வேண்டும், நேரம் வேண்டும். இப்போதே சில இடங்களில் நேரமில்லை என்று தொடுமுறையைச் சுருக்குகிறார்கள், சில இடங்களில் வைப்பதே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யாரும் பார்க்க உட்காராததை யார் கேட்பார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த போட்டியில், உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொடுமுறை முடியும்வரை உட்காருங்கள். வட்டத்துக்கு மிக அருகில் வேண்டாம், அங்கே கம்பு மட்டும்தான் தெரியும். பத்துப் பதினைந்து அடி தள்ளி, இருவரும் பக்கவாட்டில் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். இடைவெளி அங்கிருந்துதான் தெரியும். செல்போனைப் பையில் போடுங்கள். முதல் இரண்டு மூன்று ஜோடிக்கு ஒன்றும் புரியாது, பரவாயில்லை. காலை மட்டும் பாருங்கள். பக்கத்தில் பழைய ஆட்டக்காரர் யாராவது உட்கார்ந்திருப்பார். அவர் எப்போது முன்னால் சாய்கிறாரோ அப்போது நீங்களும் உற்றுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சுற்று முடிந்ததும் அவரிடமே கேளுங்கள். அவர் அதற்காகத்தான் வந்திருக்கிறார், கேட்க ஆளில்லாமல்தான் சும்மா இருக்கிறார். வீட்டுக்குப் போகும்போது பிள்ளையிடம் ஜெயித்தாயா என்று கேட்காமல், எதிராளி போட்டதில் எந்த அடி நன்றாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த பிள்ளை தேறிவிடும்.

நடுவர் கை உயரும்வரை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டலாம், தொட்ட பிள்ளைக்கும் தொடுபட்ட பிள்ளைக்கும் சேர்த்து. பொங்கலையொட்டி நம் பக்கம் ஊருக்கு ஊர் போட்டி வைப்பார்கள். தாமலுக்கு நீங்கள் வந்தால் மேசையருகே வந்து சொல்லுங்கள், நல்ல இடமாகப் பார்த்து நாற்காலி போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மேசைக்குப் பின்னால் மதிப்பெண் குறிக்கிறவன்,
தாமல், காஞ்சிபுரம் மாவட்டம்